தலைச்சுமையும் தண்டுவடமும்



சென்ற திங்கள் இப்பகுதியில், சர்க்கரை நோயாளர் தம் பாதங்களைப் பேணும் முறை பற்றி எழுதியிருந்தேன். பாதத்தில் உணர்ச்சி குறைதல், காலில் இருந்து செருப்பு கழன்று விழுவதை அறியாதிருத்தல் ஆகியவை சர்க்கரையால் நரம்பு கெட்டதன் அடையாளங்கள் என்று அதில் கூறினேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. அந்தப் பாதி உண்மையை நம்பி நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம்மவர் ஒருவர் என் மருந்தகத்துக்கு வந்தார். சங்கரன்கோயில் பக்கத்து ஊரினர். பதினேழு வயதில் மட்டாஞ்சேரிக்கு வந்து, முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை சுமந்தவர். “டாக்டர் ஐயா, தெருவில் நடந்து வரும்போது இடது கால் செருப்பு எங்கேயோ கழன்று போய்விட்டது; வீட்டு வாசலில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தரையில் நடந்தால் பஞ்சின்மேல் நடப்பதுபோல இருக்கிறது” என்றார். அவருக்கு நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. “அண்ணாச்சி, இது சர்க்கரையின் வேலைதான்” என்று சொல்லி, ஊட்டச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சிறு சுத்தியல் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை நான் எடுக்கவே இல்லை.

மூன்று திங்கள் கழிந்தபின் அவருடைய மனைவி வந்து, “சட்டைப் பித்தானைப் போட முடியாமல் தவிக்கிறார் ஐயா. சோற்றைப் பிசைந்து எடுத்தால் பாதி இலையிலேயே விழுந்துவிடுகிறது” என்றார். சர்க்கரை நோய் முதலில் பாதத்தைப் பிடிக்குமே அன்றி, இவ்வளவு விரைவில் விரல்களின் திறமையைப் பறிக்காது. அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்று சுத்தியலால் முழங்காலைத் தட்டினேன். கால் உதைத்துத் துள்ளியது. சர்க்கரையால் நரம்பு கெட்டிருந்தால் அந்தத் துள்ளல் மங்கியிருக்க வேண்டும், இங்கே மிகுந்திருந்தது. தலையை முன்னே குனியச் சொன்னேன். “முதுகு வழியாகக் கரண்டு இறங்குகிறது” என்றார். பழுது பாதத்தில் இல்லை, கழுத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கழுத்தில் உண்டான நோய் காலில் தோன்றுவது எவ்வாறு என்று அன்பர்கள் கேட்கலாம். மூளையிலிருந்து உடலெங்கும் செல்லும் கட்டளைகளும், உடலெங்கிலுமிருந்து மூளைக்குத் திரும்பும் செய்திகளும் தண்டுவடம் என்னும் ஒரே வடத்தின் வழியாகவே செல்கின்றன. அந்த வடம் முதுகெலும்பின் நடுவிலுள்ள குழாயில் பத்திரமாக அமைந்திருக்கிறது. கழுத்தில் உள்ள எலும்புகள் ஏழு. அங்கே குழாயின் அகலம் சாதாரணமாகப் பதினேழு அல்லது பதினெட்டு மில்லிமீட்டர். அதனுள் செல்லும் தண்டுவடம் நம் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஓர் எலும்புக்கும் மற்றோர் எலும்புக்கும் நடுவே மெத்தை போன்ற வட்டு ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் பாரம் அழுத்தினால் அந்த வட்டு தேய்ந்து பிதுங்குகிறது. எலும்பின் ஓரங்களில் முள் போன்ற வளர்ச்சி உண்டாகிறது. பின்புறத் தசைநார்கள் தடிக்கின்றன. குழாயின் அகலம் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் வடம் நசுங்கத் தொடங்கும். கால்களுக்குச் செல்லும் பாதையும் கழுத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருப்பதால், கழுத்தில் நசுங்கியது காலில் தெரிகிறது. கழுத்தில் வலியே இல்லாமலும் இவ்வாறு நேரலாம் என்பதுதான் இந்நோயின் வஞ்சகம்.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. அதனைத் தாங்கவே இயற்கை கழுத்தை அமைத்தது. அதன்மேல் சும்மாடு ஒன்றைச் சுற்றி வைத்து, ஐம்பது கிலோ மூட்டையை ஏற்றினால், கழுத்து பத்துத் தலைகளைத் தாங்குகிறது என்றாகும். சும்மாடு மண்டையின் தோலைக் காக்கும். கழுத்து வட்டைக் காக்காது.

மட்டாஞ்சேரியின் செல்வம் எல்லாம் ஒரு காலத்தில் மனிதத் தலையின்மேல்தான் பயணம் செய்தது. காயலில் வந்து நின்ற வள்ளங்களிலிருந்து அரிசியும் பருப்பும் கிடங்குக்கு ஏறின. கிடங்குகளிலிருந்து மிளகும் சுக்கும் ஏலமும் துறைமுகத்துக்கு இறங்கின. துறைமுகத்திலே ‘சாப்ப’ என்னும் முறை இருந்தது. வேலைக்கான உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவார்கள். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கே அன்றைய கூலி. அம்முறையை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் இதே மட்டாஞ்சேரியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். பின்னர் 1978இல் கேரளத்தில் தலைச்சுமைத் தொழிலாளர் சட்டம் வந்தது. கூலிக்கும் வேலைக்கும் ஒழுங்கு பிறந்தது. 2011இல் வல்லார்பாடத்தில் கொள்கலன் முனையம் திறந்த பின் சுமையின் பெரும்பகுதி இயந்திரத்துக்குப் போய்விட்டது. எனினும் பஜார் ரோட்டின் குறுகிய சந்துகளில் மூட்டை இன்றும் தலையில்தான் ஏறுகிறது.

இவ்வளவு நெடிய போராட்ட வரலாற்றில் கூலியைப் பற்றிப் பேசினோம். மானத்தைப் பற்றிப் பேசினோம். கழுத்தைப் பற்றிப் பேசியது குறைவே.

மருத்துவ உலகம் இதனை ஓரளவு முன்னரே கவனித்திருக்கிறது. அந்நாளில் ரொடீசியா எனப்பட்ட நாட்டின் சாலிஸ்பரி நகரில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயின் ஹராரேயில், லெவி என்னும் மூளை நரம்பு அறுவை மருத்துவர் பணியாற்றினார். தலையில் பாரம் சுமந்தவர்களுக்கு நேரும் கழுத்துக் காயங்களைக் கண்டு, ‘சுமைகாரர் கழுத்து’ என்னும் பெயரிலேயே 1968இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். பின்னர் கானாவிலும் சியரா லியோனிலும் தலைச்சுமைகாரரின் கழுத்தைக் கதிர்ப்படம் எடுத்து, சுமக்காதவர் படத்தோடு ஒப்பிட்டனர். சுமப்பவரின் கழுத்தெலும்பில் தேய்மானம் மிகுந்திருந்தது. வங்காள தேசத்தில் சாவர் என்னுமிடத்தில் முடக்குற்றோர் மறுவாழ்வு நிலையம் ஒன்று இருக்கிறது. வேலரி டெய்லர் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1979இல் தொடங்கியது. அங்கே வரும் தண்டுவட முறிவு நோயாளரில், தலைச்சுமையோடு கால் இடறி விழுந்தவர்கள் ஒரு பெரும் பகுதியினர். மற்ற நாடுகளில் இது அரிய காரணம். பாரம் சுமக்கும் நாடுகளில் அன்றாடக் காரணம். ஆகவே ‘அரியது’ என்பது நோயின் குணமன்று. அதைக் காண்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

நம் அண்ணாச்சிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கழுத்தின் மூன்று இடங்களில் வடம் நசுங்கியிருந்தது. எர்ணாகுளத்தில் அறுவை நடந்தது. விரல்கள் பெரும்பாலும் திரும்பின. கால்கள் பாதியே திரும்பின. கைத்தடி ஊன்றி நடக்கிறார். நசுங்கிய தண்டுவடத்தை அறுவை மருத்துவர் விடுவிக்கலாம். ஏற்கெனவே மாண்ட நரம்பிழைகளை எவராலும் உயிர்ப்பிக்க இயலாது. காலம் கடந்த அளவுக்கு நட்டமும் மிகும். அந்த மூன்று திங்களை நான் இழக்காதிருந்தால் அவர் இன்னும் நன்றாக நடந்திருக்கக்கூடும். அதனை அவரிடமே சொன்னேன். “போகட்டும் ஐயா, நானும் நான் சுமக்கும் மூட்டையைப் பற்றி உங்களிடம் சொல்லவில்லையே” என்றார். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெரிந்த மனிதர் ஆயிற்றே என்று இருந்துவிட்டேன்.

அன்பர்களே, இந்த ‘கேட்கவில்லை’ என்பதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். நாம் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். நம்முடைய நோயின் வேர் ஓர் ஊரில் இருக்கும். அதன் காய் வேறோர் ஊரில் காய்க்கும். இங்குள்ள மருத்துவர் காயைப் பார்க்கிறார். வேரை நாம்தான் சொல்ல வேண்டும். இதற்கு மூன்று சான்றுகள் தருகிறேன். மூன்றும் நம் தென்னாட்டில் கண்டவையே.

முதலாவது, கிணற்று நீர். 1937ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்து மக்களை ஷார்ட் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்தனர். நடுவயதிலேயே முதுகு மரக்கட்டையாக விறைத்துக் கழுத்தைத் திருப்ப இயலாமல் கூனிப்போன மனிதர்களை அவர்கள் கண்டனர். காரணம், குடிநீரில் கரைந்திருந்த ஃபுளோரைடு. அளவோடு இருந்தால் பல்லுக்கு நன்மை தரும் அப்பொருள், அளவு மீறினால் எலும்பில் படிந்து அதனைத் தடிக்கச் செய்கிறது. தசைநாரையும் எலும்பாக்கி விடுகிறது. முதுகெலும்பின் குழாய் உட்புறம் குறுகி வடத்தை நெரிக்கிறது. இத்தகைய நோயாளர் பலரை ஆராய்ந்து எழுதியவர் ஹைதராபாத்தின் மூளை நரம்பு அறுவை மருத்துவர் ராஜா ரெட்டி. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இந்நீர் உண்டு. அதனை மாற்றவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைந்து, 2013இல் தொடங்கப்பெற்றது. கேரளத்திலும் பாலக்காட்டின் கிழக்குப் பகுதியிலும், நமக்கு அண்மையிலுள்ள ஆலப்புழையின் ஆழ்குழாய்க் கிணறுகளிலும் இது காணப்பட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்றும் அளவுக்கு அது செறியவே செய்யும். இளமையில் அத்தகைய ஊரில் வாழ்ந்து, பற்களில் பழுப்பு வரி விழுந்தவர்கள், முதுகு விறைப்பு என்று மருத்துவரிடம் செல்லும்போது, அந்த ஊரின் பெயரையும் கிணற்றையும் சொல்ல மறக்க வேண்டா.

இரண்டாவது, ஒரு புழு. இதன் வரலாறு வேலூரில் நடந்தது. கோட்டயத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி என்பவர் கனடாவில் மாண்ட்ரீல் நகரில் பயின்று, 1949இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்துறை பிறந்தது அங்கேதான். அடுத்த ஆண்டே சென்னையில் சீர்காழி தந்த ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். பிற்காலத்தில், காக்கை வலிப்போடு வரும் நோயாளரின் மூளையை ஸ்கேன் எடுத்தபோது, பலருக்குச் சிறு கட்டி ஒன்று தெரிந்தது. நாடு முழுவதும் அதனைக் காசநோய்க் கட்டி என்றே கருதித் திங்கள் கணக்கில் காச மருந்து கொடுத்து வந்தனர். வேலூர் மருத்துவர்கள் அத்தகைய கட்டிகளை அகற்றி நுண்ணாடியில் ஆராய்ந்தனர். பலவற்றில் காசம் இல்லை. பன்றி நாடாப்புழுவின் இளம் பருவமே இருந்தது. 1989இல் லான்செட் இதழில் இதனை வெளியிட்டனர். இவற்றுள் பல தாமாகவே கரைந்து மறைவதும் தெளிவாயிற்று. அதன் பயனாக எத்தனையோ பேர் வேண்டாத மருந்தினின்றும் வேண்டாத அறுவையினின்றும் தப்பினர்.

இதைக் கேட்டு, “நாங்கள் சைவம்; எங்களுக்கு என்ன?” என்று எண்ண வேண்டா. வேகாத பன்றி இறைச்சியை உண்டவர் வயிற்றில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தின் வழியே வெளியேறும் முட்டைகள், கழுவாத கையாலோ கழுவாத கீரையாலோ ஒருவர் வயிற்றுக்குச் சென்றால்தான் புழு மூளைக்கு ஏறும். இறைச்சியைத் தீண்டாத வீட்டிலும் அது புகும். சோப்பும் தண்ணீருமே இதற்கு முதல் மருந்து.

மூன்றாவது, முதுகெலும்புக் காசம். இதனை விரைந்து கூறிவிடுகிறேன். காசம் என்றால் மார்புச்சளி என்றே நினைக்கிறோம். அது முதுகெலும்பையும் அரிக்கும். கூனலும் கால் முடக்கமும் தரும். லண்டனில் பெர்சிவல் பாட் என்பவர் 1779இலேயே இதை எழுதினார். 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து உண்டு காசத்தைத் தீர்க்கலாம் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது. முதுகெலும்புக் காசமும் மாத்திரையாலேயே பெரும்பாலும் குணமாவதைப் பின்னர் அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் ஓய்விலும் விடாத முதுகுவலி ஆகிய மூன்றும் கூடினால் எண்ணெய் தேய்த்துக் காலம் போக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடி திருத்தும் நிலையத்தில் கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடக்கு எடுப்பது பலருக்குச் சுகமாக இருக்கிறது. அதனால் மூச்சுத் தசைக்குச் செல்லும் நரம்பு கெட்டதையும், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கழுத்து ஏற்கெனவே தேய்ந்திருக்கும் சுமைத் தொழிலாளிக்கு அது மேலும் கேடு. முடியை வெட்டட்டும், கழுத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

இனி, நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய அடையாளங்களைச் சுருக்கித் தருகிறேன். வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்தாலும் நல்லது.

1. பித்தான் போடுதல், சோறு பிசைதல், கையெழுத்து ஆகியவற்றில் புதிதாகத் தோன்றும் தடுமாற்றம்.

2. காலில் இருந்து செருப்பு கழல்வதை அறியாமை, இருட்டில் நடக்கத் தள்ளாட்டம், கால் விறைப்பு.

3. தலை குனிந்தால் முதுகிலோ கைகால்களிலோ மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சி.

4. சிறுநீரை அடக்க இயலாமை, அல்லது கழிக்க இயலாமை.

5. பெரியவர்க்கு முதன்முறையாக வரும் வலிப்பு.

இவற்றுள் நான்காவது திடீரென்று வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஐந்தாவதும் அவ்வாறே. மற்றவற்றை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிவைக்கக் கூடாது. மருத்துவரிடம் போனால் வலியை மட்டும் சொல்லாமல், செய்யும் தொழில், சுமக்கும் பாரம், பிறந்த ஊர், குடித்த நீர், வீட்டில் யாருக்கேனும் காசம் இருந்ததா என்னும் ஐந்தையும் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். என்னைப்போல் அவசரப்படும் மருத்துவரும் இருக்கக்கூடும்.

சுமை பற்றியும் ஒரு சொல். ஆண் தொழிலாளி சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று உலகத் தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. முன்பு 75 கிலோவாக இருந்த எல்லையைக் கேரள அரசும் அண்மை ஆண்டுகளில் 55 கிலோவாகக் குறைக்க முன்வந்தது. எல்லை ஏட்டில் இருந்தால் போதாது. மூட்டை தைக்கும் இடத்திலேயே அது நிற்க வேண்டும். இயன்ற இடத்தில் கைவண்டியைப் பயன்படுத்துவது இழிவன்று. இருவர் சேர்ந்து தூக்கி ஏற்றுவதும், இறக்கும்போது ஒருவர் கைகொடுப்பதும், நனைந்த பலகையில் சுமையோடு ஏறாமலிருப்பதும் செலவில்லாத காப்புகள். வீட்டில் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் சிறுபிள்ளைகள் தலையில் ஏற்றாதிருப்போம்.

முடிக்குமுன் அண்ணாச்சியின் வீட்டுச் செய்தி ஒன்று. அவருடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவின் இடத்தில் அவனே மூட்டை எடுக்கட்டும் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். வீட்டில் வருமானம் நின்றுபோன நேரம் அது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பையனும் ஒப்புக்கொண்டான். தந்தை மட்டும் இசையவில்லை. அவருடைய மனைவி, இரண்டு ஆண்டு இட்லி மாவு அரைத்து விற்று வீட்டைத் தாங்குவதாக முன்வந்தார். பையன் மின்சார வேலை படிக்கச் சேர்ந்தான். படிப்பு வரும் சித்திரையில் முடிகிறது. அண்ணாச்சி இப்போது ஒரு கிடங்கின் வாயிலில் அமர்ந்து மூட்டைக் கணக்கு எழுதுகிறார். கையெழுத்து சற்றுக் கோணல்தான்; ஆனால் கணக்கு பிசகுவதில்லை.

இக்கட்டுரையை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “பெயர் போடாமல் எழுதுங்கள் ஐயா, செருப்பைப் பற்றி மட்டும் விடாமல் எழுதுங்கள்” என்றார். அவர் சொற்படியே எழுதியிருக்கிறேன். இன்று மாலை உங்கள் வீட்டுக்குத் திரும்பும் தொழிலாளியின் காலில் இரு செருப்பும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

அடுத்த திங்கள், மழைக்காலக் காய்ச்சல்கள் பற்றிப் பேசுவோம்.